மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு வைடு ஷிஃப்ட் லென்ஸ்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் தக்கலைக்காரன். இங்கிட்டு நாகர்கோவில், அங்கிட்டு மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரைக்கும் வீடு, சர்ச், ஹோட்டல்னு கட்டடம் எடுக்கிறதுதான் எனக்குத் தொழில். ரெண்டு மூணு வருஷமா கல்யாணம் எடுக்கிற தம்பிங்க நிறைய பேரு மீடியம் ஃபார்மட் பாடி (சாதா ஃபுல் ஃப்ரேமைவிட பெரிய சென்சார் உள்ள கேமரா) வாங்கிட்டு கட்டட வேலைக்கு வர்றாங்க, வந்ததும் எல்லாரும் கேக்குறது ஷிஃப்ட் லென்ஸைப் பத்திதான். போன்ல சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றேன், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணே, ஷிஃப்ட் லென்ஸ்னா என்ன? சாதா வைடுல எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல நேராக்கினா போதாதா?

கேமராவை மேல தூக்கிப் பிடிச்சா கட்டடத்தோட ரெண்டு பக்கச் சுவரும் மேல போகப் போக சேர்ந்து, கட்டடம் பின்னால சாயுற மாதிரி வரும். கேமராவை மட்டமா வச்சா சுவர் நேரா நிக்கும், ஆனா உச்சி வெட்டுப்பட்டுடும், கீழ பாதிப் படம் ரோடு. ஷிஃப்ட் லென்ஸ்ல கேமராவை மட்டமாவே விட்டுட்டு லென்ஸை மட்டும் மேல நகர்த்துறோம், உச்சி படத்துக்குள்ள வந்துடும், சுவரும் நேரா இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கம்ப்யூட்டர்ல நேராக்குறது தப்பில்ல, அவசரத்துக்கு நானும் செய்யறேன். ஆனா சாஃப்ட்வேர் மேல் பாதியை இழுத்து அகலப்படுத்துது, இல்லாத விவரத்தை அது உண்டாக்க முடியாது. கோபுரத்துல சுதை உருவம், சர்ச்சுல மணிக்கூடு, எல்லாம் மேலதான் இருக்கு, சரியா அந்த இடம்தான் மழுங்கும். அதோட நேராக்கினதும் ரெண்டு கீழ் மூலையும் காலியாகும், அது தெரியாம இருக்க ரெண்டு பக்கமும் வெட்டணும், எடுக்கும்போது ஓரத்துல இடம் விடலைன்னா பக்கத்துச் சுவரு போச்சு.

100 மெகாபிக்ஸல் இருக்கே, மட்டமா வச்சு எடுத்துட்டு கீழே க்ராப் பண்ணினா அதுவும் ஷிஃப்ட்தானே?

ஆமா, அதேதான். இதைச் சொன்னா லென்ஸ் விக்கிறவங்களுக்குப் பிடிக்காது, ஆனா உண்மை. 20 எம்எம் லென்ஸை மாட்டி, படம் உயரவாக்குல வர்ற மாதிரி கேமராவைச் செங்குத்தாத் திருப்பி, மட்டமா வச்சு எடுத்துட்டு கீழே ரோட்டை வெட்டி எறிஞ்சா வர்றது ஷிஃப்ட் பண்ணின படத்துக்கு சமம்தான். ஃபுஜி 20-35 ஜூம் ஏற்கெனவே வச்சிருக்கவங்க முதல்ல இதைச் செஞ்சு பாருங்க, வருஷத்துக்கு நாலு வீடுதான் எடுப்பீங்கன்னா இதுவே போதும். பாதிப் படத்தை எறிஞ்சாலும் கையில 50 மெகாபிக்ஸல் மிஞ்சுது. ஆனா 50 மெகாபிக்ஸல் பாடின்னா 25தான் மிஞ்சும், பெரிய பிரிண்ட் கேக்குற ஆர்க்கிடெக்ட்டுக்கு அது பத்தாது.

மீடியம் ஃபார்மட்ல சைஸ் எல்லாம் ஒண்ணுதானா? ஒரே லென்ஸ் எல்லாத்துக்கும் ஆகுமா?

இல்ல. நம்ம ஊர்ல மீடியம் ஃபார்மட்னு சொல்லி வச்சிருக்கிறது பெரும்பாலும் ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ், இல்லைன்னா ஹாசல்பிளாட் எக்ஸ். ரெண்டும் 43.8 க்கு 32.9 எம்எம் சென்சார். ஃபேஸ் ஒன்னோட 150 மெகாபிக்ஸல் பேக் (கேமராவுக்குப் பின்னால மாட்டுற சென்சார் பெட்டி) 53.4 க்கு 40, அது வேற உலகம், கீழ தனியா சொல்றேன். ஃபுல் ஃப்ரேம் 36 க்கு 24.

மனசுல வச்சுக்க ஒரு கணக்கு: ஜிஎஃப்எக்ஸ்ல போடுற லென்ஸை 0.79 ஆல பெருக்கினா ஃபுல் ஃப்ரேம்ல அது எவ்வளவு வைடுன்னு தெரியும். 30 போட்டா 24 மாதிரி, 24 போட்டா 19 மாதிரி, 17 போட்டா 13க்கு கொஞ்சம் மேல. கேனான்ல 24 வச்சுப் பழகினவங்க அதே 24ஐ ஜிஎஃப்எக்ஸ்ல மாட்டிப் பாத்துட்டு "என்னண்ணே இவ்வளவு அகலம்"னு கேக்குறது இதனாலதான்.

இமேஜ் சர்க்கிள் இமேஜ் சர்க்கிள்னு எல்லாரும் சொல்றீங்க, அது எதுக்கு நான் தெரிஞ்சுக்கணும்?

லென்ஸ் விழுத்துற படம் எப்பவும் வட்டம். சென்சார் அந்த வட்டத்துக்குள்ள ஒரு செவ்வகம். தோசைக்கல்லு நடுவுல ஒரு போஸ்ட் கார்டை வச்சுப் பாருங்க. கல்லு பெருசா இருந்தா கார்டை மேல கீழ நல்லா நகர்த்தலாம், சின்னதா இருந்தா கொஞ்சம் நகர்த்தினதும் மூலை வெளிய வந்துடும். அந்த மூலை வெளிய வர்ற இடம்தான் படத்துல கருப்பா விழும். கார்டு பெருசானாலும் இதே கதைதான், ஃபுல் ஃப்ரேம்ல தாராளமா இருந்த லென்ஸ் மீடியம் ஃபார்மட்ல இறுக்கமா ஆயிடும்.

அதனால லென்ஸ் வாங்கும்போது முதல்ல கேக்க வேண்டியது எவ்வளவு ஷிஃப்டுன்னு இல்ல, வட்டம் எத்தனை எம்எம்னு. கேனானோட ஷிஃப்ட் லென்ஸ் டிஎஸ்-ஈ 17, டிஎஸ்-ஈ 24 ரெண்டாம் பதிப்பு ரெண்டும் 67.2 எம்எம், லவோவா கம்பெனியோட 15, 20 ரெண்டும் 65, ஃபுஜியோட சொந்த ஜிஎஃப் 30 டில்ட் ஷிஃப்ட் (நகர்த்துறதோட லென்ஸைச் சாய்க்கவும் முடியும், அதுதான் டில்ட்) 85. நம்ம சென்சாரோட மூலைக்கு மூலை 54.8. இதுக்கு மேல எவ்வளவு மிஞ்சுதோ அதுலதான் நகர்த்த முடியும்.

டப்பாவுல ±12 எம்எம்னு போட்டிருக்கு, எனக்கு 9லயே மூலை கருப்பாகுது. லென்ஸ் பழுதா அண்ணாச்சி?

பழுது இல்ல, பயப்படாதீங்க. அந்த 12 ஃபுல் ஃப்ரேமுக்கு எழுதினது. லென்ஸ் 12 வரைக்கும் நகரத்தான் செய்யும், ஆனா மேல சொன்ன வட்டம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். கேனானோட 67.2 வட்டத்துல ஜிஎஃப்எக்ஸைக் கிடையா வச்சு மேல ஷிஃப்ட் பண்ணினா சுமார் 9 எம்எம், செங்குத்தா வச்சா சுமார் 7.4 எம்எம். லவோவாவோட 65 வட்டத்துல கிடையா ஏழரை, செங்குத்தா ஆறு. ஃபுஜி 30ல ரெண்டு பக்கமும் 15 முழுசா கிடைக்கும், அதுக்கு மேலயும் வட்டம் மிச்சம் இருக்கு.

இது கணக்குப்படி. கண்ணுக்குப் பாத்தா கடைசி ஒரு எம்எம்ல மூலை மங்கும், கூர்மையும் குறையும், அதனால கேனான்ல நான் கிடையா 8லயே நிப்பாட்டிக்கிறேன். ஆகாசம் மட்டும் இருக்கிற மூலைன்னா 9, 10 வரைக்கும் போவேன், நீலத்துல மழுங்கினது யாருக்கும் தெரியாது, கருப்பு விழுந்த துணுக்கை நிரப்பிக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. ஜிஎஃப்எக்ஸ் மெனுவுல 35 எம்எம் மோடுன்னு ஒண்ணு இருக்கு, போட்டா சென்சாரோட நடுவுல 36 க்கு 24 மட்டும் எடுக்கும், 100 மெகாபிக்ஸல் பாடியில அது 60. அப்ப கேனான் லென்ஸ் முழு 12ம் கிடைக்கும்.

17, 20, 24, 30னு இருக்கு. எவ்வளவு வைடு எனக்கு வேணும்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய பேரு தப்பாப் பதில் வாங்கிட்டுப் போறாங்க. எம்எம் எண்ணை மட்டும் பாக்காதீங்க, வைடும் ஷிஃப்டும் சேர்ந்துதான் எட்டும் உயரத்தை முடிவு பண்ணுது. கணக்கு சுலபம். சென்சாரோட பாதி உயரத்தோட ஷிஃப்டைக் கூட்டுங்க, அதை ஃபோக்கல் லெங்த்தால (லென்ஸ் பேர்ல இருக்கிற எம்எம் எண்) வகுங்க, வர்றதை நீங்க நிக்கிற தூரத்தால பெருக்குங்க. அதுதான் கேமரா மட்டத்துக்கு மேல படத்துக்குள்ள வர்ற உயரம். பாதி உயரம் கிடையா வச்சா 16.45, செங்குத்தா வச்சா 21.9.

சுசீந்திரம் கோபுரத்தை எடுத்துக்குவோம், ஏழு நிலை, 134 அடி. கேமரா அஞ்சடி உயரத்துல, அப்ப மேல எட்ட வேண்டியது 129 அடி. ஷிஃப்டே இல்லாம 30 எம்எம் கிடையா வச்சா 235 அடி தள்ளிப் போகணும், அங்க போனா நடுவுல கடை, வண்டி, வயர் எல்லாம் வந்துடும். அதே 30ல 15 ஷிஃப்ட் போட்டா 123 அடி போதும். கேனான் 24ல 9 ஷிஃப்ட் போட்டா 122 அடி. பாத்தீங்களா, 24ம் 30ம் ஒரே இடத்துல நிக்குது! 30ல குறைஞ்ச அகலத்தை ஷிஃப்ட் ஈடு கட்டுது. கேனான் 17ன்னா 86 அடி, லவோவா 20 107 அடி, லவோவா 15 81 அடி. செங்குத்தா வச்சா எல்லாமே இன்னும் கிட்ட வரும், 30 சுமார் 105, கேனான் 24 சுமார் 106, 17 சுமார் 75. உச்சிக்கு மேல ஆகாசம் கொஞ்சம் வேணும்ல, அதுக்காக பத்துல ஒரு பங்கு தூரம் கூட்டிக்குங்க. தூரத்தை வாசல் வரைக்கும் அளக்காதீங்க, கோபுரத்தோட உச்சி நடுவுலதான இருக்கு, அது வரைக்கும் அளக்கணும்.

அதனால உங்க ஊரு தெருவைப் போய் காலால அளந்துட்டு வாங்க. மார்த்தாண்டம் டவுனுக்குள்ள எதிர்க்கடை வாசல்ல நின்னு எடுக்கணும்னா 17 இல்லாம முடியாது. தோட்டம், முற்றம், கார் ஷெட்டுன்னு தள்ளி நிக்க இடம் இருக்கிற வீடுதான் வேலையில முக்கால்வாசின்னா 24 இல்ல 30. என் வேலையில பத்துல ஏழு படம் 24ல முடியுது, 17 பையில இருக்கும், ரெண்டு படத்துக்கு எடுப்பேன்.

அப்ப 17 வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகுமே, பிறகு க்ராப் பண்ணிக்கலாம்ல?

ஆகும், ஆனா கிட்ட நின்னு 17ல எடுத்தா முன்னால இருக்கிறது எல்லாம் வீங்கும். ஓரத்துல வச்ச சோபா கட்டில் மாதிரி நீளும், வட்ட விளக்கு முட்டை மாதிரி வரும். மேல ஷிஃப்ட் பண்ணினா வட்டத்தோட இன்னும் ஓரத்தை எடுக்குறோம், அதனால அங்க இழுப்பு இன்னும் கூடும். இது லென்ஸோட குறை இல்ல, அவ்வளவு கிட்ட நின்னு அவ்வளவு அகலம் எடுத்தா அப்படித்தான் வரும். வீட்டுக்காரர் படத்தைப் பாத்துட்டு "நம்ம ஹால் இவ்வளவு பெருசா"ன்னு சந்தோஷப்படுவாரு, ஆர்க்கிடெக்ட் முகம் சுளிப்பாரு. யாருக்கு எடுக்குறீங்கன்னு பாத்துக்குங்க.

17க்கு முன் கண்ணாடி உருண்டு வெளிய தள்ளி இருக்கும், சாதா ஃபில்டர் மாட்ட முடியாது. 24ல 82 எம்எம் ஃபில்டர் போகும், ஆனா தடிச்ச வளையம் போட்டா ஷிஃப்ட் பண்ணினதும் மூலை இருட்டும், மெலிசா வாங்குங்க.

ஃபுஜியோட சொந்த 30 டில்ட் ஷிஃப்ட் வாங்கலாமா, இல்ல கேனான் 24 போட்டு அடாப்டரா?

ஃபுஜி 30ம் அதோட 110 மேக்ரோவும் 2023 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஜிஎஃப்எக்ஸ்காரங்க பெரும்பாலும் அடாப்டர்தான் (வேற கம்பெனி லென்ஸை மாட்ட நடுவுல போடுற வளையம்). 30 அருமையான லென்ஸ், மூலை வரைக்கும் ஒரே மாதிரி, 15 ஷிஃப்ட், 8.5 டிகிரி டில்ட். கனம் ஒண்ணே கால் கிலோவுக்கு மேல, முன்னால 105 எம்எம் ஃபில்டர். அமெரிக்காவுல வெளிவந்தப்ப விலை கிட்டத்தட்ட 4,000 டாலர். ஃபோக்கஸ் கையாலதான், இந்த வகை லென்ஸ்ல எல்லாம் அப்படித்தான்.

என் கருத்து: வாரத்துல ரெண்டு மூணு நாள் கட்டடம் எடுக்குறவங்க, 100 மெகாபிக்ஸல் பாடி வச்சிருக்கவங்க, 30 வாங்குங்க, வருஷக்கணக்கா வேற யோசிக்க வேண்டாம். இப்பதான் ஆரம்பிக்கிறீங்க, காசு பாத்துச் செய்யணும்னா பழைய கேனான் 24 ரெண்டாம் பதிப்பு. எட்டுற உயரம் ரெண்டுலயும் ஒண்ணுதான்னு மேல கோபுரக் கணக்குல பாத்தோம். வித்தியாசம் எங்கன்னா 24 வட்டத்தோட விளிம்புல உயிரைப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்யுது, 30 சாவகாசமா செய்யுது. வீட்டுக்குள்ள ரூம் எடுக்க மட்டும் 24தான் நல்லது, அங்க உயரம் இல்ல பிரச்சனை, அகலம்தான். 30ல கிடையா 72 டிகிரி, 24ல 85.

லவோவா விலை கம்மியா இருக்கே, அது எப்படி?

15 2020லயும், 20 2022லயும் வந்தது. ரெண்டுலயும் டில்ட் கிடையாது, ஷிஃப்ட் மட்டும். அபர்ச்சர் (வெளிச்சம் நுழையுற துவாரம்) வளையம் லென்ஸ்லயே இருக்கு, ஜிஎஃப்எக்ஸ் மவுண்ட்லயே கிடைக்குது, அதனால அடாப்டர் தலைவலி இல்ல. கோடு கோடா நேரா வரும், வளையாது, டைல்ஸ், கிரில், ஷட்டர் எடுக்க அது பெரிய நிம்மதி. 20ல 82 ஃபில்டர் போகும்.

குறைன்னா, அபர்ச்சரைத் திறந்து எடுத்தா மூலை மழுங்கல். எஃப் 11க்கு மூடினா ரொம்ப நல்லா வரும், கட்டடத்துக்கு ட்ரைபாட்ல அதானே செய்யப்போறோம். எவ்வளவு ஷிஃப்ட் பண்ணினோம்னு படத்தோட தகவல்ல பதியாது, அதனால நான் சின்ன நோட்டுல எழுதிக்குவேன். முதல் ஷிஃப்ட் லென்ஸா 20 எடுக்குறேன்னு யாராவது சொன்னா நான் தடுக்கிறதில்ல.

பழைய கேனான் 24 ஒண்ணு ரொம்ப மலிவா வருது, எடுக்கலாமா?

பேருக்குப் பக்கத்துல ரெண்டுன்னு ரோமன் எழுத்து இருக்கான்னு முதல்ல பாருங்க. 1991ல வந்த முதல் பதிப்போட வட்டம் 58.6தான். வட்டக் கணக்கைப் போட்டா ஜிஎஃப்எக்ஸ்ல கிடையா மூணு எம்எம் ஷிஃப்ட், அவ்வளவுதான். மலிவுங்கிறதுக்காக வாங்கி கை கட்டிக்கிட்டு நிக்காதீங்க. 2009ல வந்த ரெண்டாம் பதிப்புல டில்டையும் ஷிஃப்டையும் தனித்தனியா எந்தப் பக்கமும் திருப்பிக்கலாம், பழசுல திருகாணி கழட்டணும்.

கையில வாங்கினா ஷிஃப்ட் குமிழை முழுசா அந்தக் கோடி இந்தக் கோடி ஓட்டுங்க, நடுவுல மணல் அரைக்கிற மாதிரி இருந்தா வேண்டாம். பிறகு மேல ஷிஃப்ட் பண்ணி, பூட்டி, கேமராவைச் செங்குத்தா பத்து நிமிஷம் விடுங்க, தானா கீழ இறங்குதான்னு பாருங்க. செங்கல் சுவரு ஒண்ணை நேரா நின்னு எடுத்து இடது ஓரம், வலது ஓரம் ரெண்டையும் பெருசாக்கி ஒப்பிடுங்க. அப்புறம் டார்ச் அடிச்சு பூஞ்சை. நம்ம கடற்கரைக் காத்துல உப்பு, அதுல ஈரம், ஷிஃப்ட் லென்ஸ்ல நகர்ற தடம் வெளியில திறந்து கிடக்குது. கன்யாகுமரி சர்ச்சை எடுத்துட்டு வந்தா அன்னைக்கே மெல்லிசா துடைச்சு, சிலிக்கா போட்ட டப்பாவுல வைக்கணும், பையிலயே விடக்கூடாது.

அடாப்டர் எதை வாங்கினாலும் ஒண்ணுதானே? வெறும் வளையம்தானே அண்ணா?

இல்லம்மா, வளையம்தான் படத்தைக் காப்பாத்துது, கெடுக்குது. ஜிஎஃப்எக்ஸ் மவுண்ட்ல இருந்து சென்சாருக்கு 26.7 எம்எம், கேனான் இஎஃப்க்கு 44, வித்தியாசம் 17.3 எம்எம். அந்த 17.3 நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். நூறு மெகாபிக்ஸல்ல மயிரிழை சாஞ்சாலும் தெரியும்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு எடுத்தேன், முகப்புல முழுக்க செங்கல். ராத்திரி வீட்டுல வந்து பெருசாக்கிப் பாத்தா இடது பக்கச் செங்கல் ஒவ்வொண்ணும் சாந்து கோடு தெரியுது, வலது பக்கம் பூரா மெழுகு. லென்ஸ்தான் போச்சுன்னு நினைச்சேன், வயிறு கலங்கிடுச்சு. மறுநாள் லென்ஸைப் பிடிச்சு மெல்ல ஆட்டினா அடாப்டர்ல "டக்"னு சின்ன சத்தம், அதுல ஆட்டம். மலிவா கிடைச்சுதேன்னு வாங்கினது. திரும்பப் போய் முழு வீட்டையும் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அதுல இருந்து அடாப்டர் எது வாங்கினாலும் முதல் நாளே செங்கல் சுவரு முன்னாடி நிறுத்திடுவேன்.

கேனான் லென்ஸ்ல அபர்ச்சர் எலெக்ட்ரானிக், அதனால மின் இணைப்பு உள்ள அடாப்டர்தான் வேணும், ஃப்ரிங்கர், டெக்கார்ட் ரெண்டுலயும் இருக்கு. வெறும் வளையம்தான் கையில இருந்தா, கேனான் பாடியில மாட்டி எஃப் 11 வச்சு, டெப்த் ப்ரிவ்யூ பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே லென்ஸைக் கழட்டினா மூடினபடியே நிக்கும், அவசரத்துக்கு ஓடும். நிக்கான் 19ம் அருமையான லென்ஸ், ஆனா அதுலயும் அபர்ச்சர் எலெக்ட்ரானிக், சாதா வளையத்துல கட்டுப்படுத்த முடியாது, அடாப்டரை உறுதி பண்ணிட்டு லென்ஸைத் தேடுங்க.

எனக்கு ஹாசல்பிளாட் எக்ஸ். மேல சொன்னது எல்லாம் எனக்கும் பொருந்துமா?

வட்டக் கணக்கு அப்படியே பொருந்தும், சென்சார் அதே சைஸ். சிக்கல் ஷட்டர்ல. எக்ஸ் பாடிக்குள்ள ஷட்டர் கிடையாது, ஹாசல்பிளாட் லென்ஸுக்குள்ளதான் இருக்கு. கேனான், லவோவா மாட்டினா எலெக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான், அது படத்தை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு மெதுவா வாசிக்குது. காத்துல ஆடுற தென்னை ஓலை கோணலா வரும், ஓடுற ஃபேன் இறக்கை வளையும், எல்இடி விளக்கு உள்ள ரூம்ல பட்டை பட்டையா விழலாம். ஃப்ளாஷும் சேராது. அசையாத கட்டடம், பகல் வெளிச்சம், அதுக்கு ஒரு குறையும் இல்ல.

ஹாசல்பிளாட் பழைய ஹெச் வரிசையில ஹெச்டிஎஸ் 1.5னு டில்ட் ஷிஃப்ட் அடாப்டர் இருந்தது, 18 எம்எம் ஷிஃப்ட் கொடுக்கும், ஆனா லென்ஸை ஒண்ணரை மடங்கு நீட்டிடும், 24 போட்டா 36 ஆயிடும். வைடு தேடுறவங்களுக்கு அது இடிக்கும்.

டில்ட் எனக்கு வேணுமா?

கட்டடத்துக்கு மட்டும்னா பெரும்பாலும் வேண்டாம். எஃப் 11ல 24 எம்எம் முன்னால இருந்து பின்னால வரைக்கும் கூர்மையா இருக்கும். எஃப் 16, 22ன்னு மூடாதீங்க, 100 மெகாபிக்ஸல்ல ஒரு பிக்ஸல் 3.76 மைக்ரான்தான், அவ்வளவு மூடினா படம் முழுக்க மெல்லிசா மழுங்கும்.

டில்ட் வேணுங்கிற இடம், கீழ தரை பக்கத்துல இருந்து எடுக்கும்போது. பத்மநாபபுரம் அரண்மனையில அந்தக் கருப்புத் தரை தெரியுமே, கண்ணாடி மாதிரி மின்னும், கேமராவை முழங்கால் உயரத்துல வச்சு ஒரு டிகிரி ரெண்டு டிகிரி டில்ட் கொடுத்தா காலடித் தரையும் கடைசித் தூணும் சேர்ந்து கூர்மையாகும். (அங்க போறதுன்னா திங்கக்கிழமை லீவு, அரண்மனை நம்ம தக்கலையில இருந்தாலும் பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை, ட்ரைபாடுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டுட்டுப் போங்க.) ஒண்ணு ஞாபகம் வைங்க, டில்ட் பண்ணினாலும் வட்டம் நகரும், ஷிஃப்டுக்கு மிச்சம் இருந்த இடத்தை அதுவும் தின்னும். வேலை முடிஞ்சதும் டில்டை ஸீரோவுல கொண்டு வந்து வைங்க, மறந்துட்டா அடுத்த வேலை பூரா ஒரு பக்கம் மழுங்கிப் போகும்.

ஃபேஸ் ஒன் வாடகைக்கு எடுக்குறேன், கேனான் 17 அதுல ஓடுமா?

ஓடினாலும் பிரயோஜனம் இல்ல. அந்தச் சென்சாரோட மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 66.7 எம்எம், கேனான் வட்டம் 67.2. மூடுறதோட சரி, ஷிஃப்ட் பண்ண இடமே இல்ல. அங்க டெக்னிக்கல் கேமரா (லென்ஸையும் பேக்கையும் தனித்தனியா மாட்டி நகர்த்துற கேமரா) வழிதான், ஆல்பா, காம்போ, ஆர்க்கா, இல்லைன்னா ஃபேஸ் ஒன்னே 2019ல கொண்டு வந்த எக்ஸ்டி, அதோட ரோடன்ஸ்டாக் லென்ஸ். 32 எம்எம் டிகரான்-டபிள்யூ 90 எம்எம் வட்டம், அதுல நல்லா நகர்த்தலாம். 23 எம்எம் 70 வட்டம், அதுல கொஞ்சம்தான்.

அந்த லென்ஸ்ல ஷிஃப்ட் பண்ணினா ஒரு பக்கம் இருட்டும், சில சமயம் பச்சையோ சிவப்போ நிறம் ஏறும். அதுக்கு ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் லென்ஸ் முன்னால பால் நிற அக்ரிலிக் தகட்டைப் பிடிச்சு ஒரு படம் எடுத்து வச்சுக்கணும், பிறகு சாஃப்ட்வேர் அதை வச்சு சரி பண்ணும். தகட்டை மறந்துட்டுப் போனா வெள்ளைச் சுவரு வெள்ளையா வராது.

இடது வலது ஷிஃப்ட் பண்ணி ரெண்டு படத்தை ஒட்டினா இன்னும் அகலம் வருமா?

வரும், அழகா வரும், கேமரா திரும்பாததால கோடு வளையாம ஒட்டும். ஃபுஜி 30ல 15 அந்தப் பக்கம் 15 இந்தப் பக்கம், மொத்தம் 30 எம்எம் கூடுது, 43.8 அகலம் 73.8 ஆகுது. ஆனா நகர்றது லென்ஸ், அதனால கிட்ட ஒரு தூணோ நாற்காலியோ இருந்தா ரெண்டு படத்துலயும் அது வேற இடத்துல நிக்கும், ஒட்டும்போது இரட்டை விளிம்பு விழும். ட்ரைபாட் மேல சின்ன தண்டவாளம் மாதிரி ஒண்ணு போட்டு, லென்ஸ் வலது 10 போனா கேமராவை இடது 10 தள்ளுங்க, லென்ஸ் நின்ன இடத்துலயே நிக்கும், இரட்டை வராது.

பாத்ரூம் கண்ணாடியில நான் தெரியறேன், இதுக்கும் ஷிஃப்ட் உதவுமா?

உதவும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. கண்ணாடிக்கு நேரா நிக்காம ஒரு முழம் வலது பக்கம் தள்ளி நில்லுங்க, கேமராவைச் சுவருக்கு நேராவே வைங்க, திருப்பாதீங்க. பிறகு லென்ஸை இடது பக்கம் ஷிஃப்ட் பண்ணுங்க. கண்ணாடி படத்துல நடுவுல வரும், நீங்க அதுல இருக்க மாட்டீங்க. முழுசா மறையலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு இன்னும் கொஞ்சம் ஷிஃப்ட், வட்டம் முடியுற வரைக்கும்.

எல்லாம் சரியா பண்ணியும் கோபுரம் மேல உப்பின மாதிரி இருக்கு, எங்க தப்பு?

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, கோபுரம் இயற்கையாவே மேல குறுகுது, அதோட ஓரத்தைப் பாத்து நேராக்கப் போனீங்கன்னா கண்டிப்பா கூடுதலா இழுத்துடுவீங்க. கோபுரத்தோட சாய்வை விட்டுடுங்க, கீழ கல்லால கட்டின வாசல் நிலையைப் பாருங்க, அதுதான் நேரா நிக்கணும். இல்ல பக்கத்துல ஒரு கொடிக்கம்பம். கேமராவோட மட்டம் காட்டுற கோட்டை நம்பலாம், ஆனா ஷிஃப்ட் பண்ணின பிறகு இன்னொரு தடவை பாருங்க, கனமான லென்ஸ் ட்ரைபாட் தலையைக் கொஞ்சம் கீழ சாய்ச்சுடும்.

ரெண்டாவது, ரொம்பக் கிட்ட நின்னு முழுசா நேராக்கினா மனுஷக் கண்ணு ஒத்துக்காது. நம்ம அண்ணாந்து பாக்கும்போது கொஞ்சம் குறுகித்தான் பாத்துப் பழகியிருக்கோம். 17ல 86 அடியில நின்னு எடுக்கும்போது நான் கேமராவை ஒரு டிகிரி மேல தூக்கிட்டு மிச்சத்தை ஷிஃப்ட்ல எடுப்பேன், சுவரு துளி உள்ள சாயும், ஆனா கோபுரம் கோபுரமா தெரியும். தெப்பக்குளத்தோட அந்தக் கரைக்குப் போய் தள்ளி நின்னு எடுத்தா அந்த ஒரு டிகிரியும் தேவைப்படாது, காலையில காத்து எழும்புறதுக்கு முன்னாடி போனா தண்ணியில முழுக் கோபுரமும் தலைகீழா கிடக்கும்.